நாளும் ஒரு வாழிடம்

(திருத்தணியில் மார்கழி மாலையொன்றில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது.)



இந்த ஊருக்குப் பேச வருபவர்கள் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனில் தொடங்குவது வழக்கம். 1888இல் அவர் பிறந்த ஊரில் நின்றுகொண்டு வேறு எங்கே தொடங்குவது என்று நீங்கள் கேட்கலாம். நான் படியில் தொடங்குகிறேன். உங்கள் மலைக்கு 365 படி. ஆண்டுக்கு 365 நாள், நாளுக்கு ஒரு படி என்று இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இன்னும் சில நாளில், டிசம்பர் 31 அன்று, வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த படித்திருவிழாவுக்குக் கூட்டம் வரும். படிக்கொரு திருப்புகழ் பாடி, சூடம் ஏற்றி மேலே போவார்கள். கல்லால் ஆன மலையை நாளால் ஆன மலையாகவும் பார்க்கப் பழகியவர்கள் நீங்கள். நான் சொல்ல வந்ததற்கு இதைவிடத் தகுந்த அவை கிடைக்காது.

ஒரு வெளியூர்க்காரர் புரட்டாசி மாதத்துப் புதன்கிழமை மதியம் சரவணப் பொய்கைக்கு வருகிறார். நாலு பேர் கால் நனைத்துக்கொண்டிருக்கிறார்கள். "இந்தக் குளத்துக்கு ஆள் வருவதில்லை" என்று எழுதிக்கொண்டு போகிறார். ஆடிக் கிருத்திகையன்று அதே கரையில் காவடிகளுக்கு நடுவே கால் வைக்க இடம் இராது. அவர் எழுதியது பொய் இல்லை. நாள் தெரியாமல் எழுதிவிட்டார், அவ்வளவுதான்.

நம் மலைகளில் வாழும் ஒரு தவளையைப் பற்றி அறிவியலும் நிர்வாகமும் நெடுங்காலம் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தன. ஓர் உயிரின் வாழிடம் என்றால் நாம் வரைபடத்தில் ஓர் இடத்தைக் காட்டுகிறோம். அந்த இடத்துக்குள் சில நாள்களும் அடங்கியிருக்கின்றன. அந்த நாள்களை எடுத்துவிட்டால், ஒரு மரத்தையும் வெட்டாமலே வாழிடம் போய்விடும். இன்று நான் சொல்லப்போவது இந்த ஒன்றுதான். அதை ஐந்து கூறுகளாகச் சொல்கிறேன்.

1. பெயருக்குக் காத்திருந்த தவளை

தவளையின் பெயர் ஊதாத் தவளை. கைக்குள் அடங்கும் அளவு, ஊதிய உடம்பு, கத்தரிக்காய்த் தோலின் நிறம், குட்டைக் கால்கள், மிளகு போலக் கண், பன்றிக்கு இருப்பதுபோல் முன்னே நீண்ட மூக்கு. பார்த்தவுடன் அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளேயே வாழ்கிறது. அங்கேயே கறையானைத் தின்கிறது. மலையாளத்தில் இதைப் பாதாளத் தவளை என்கிறார்கள், மாவேலித் தவளை என்றும் சொல்வார்கள். பாதாளத்திலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் மன்னரின் பெயர். எந்த விலங்கியல் நூலின் பெயரையும்விட எனக்கு இது பிடிக்கும், ஏனென்றால் இதில் நாள் இருக்கிறது.

1918 வாக்கிலேயே இதன் தலைப்பிரட்டையை நெல்சன் ஆனந்தேலும் சி. ஆர். நாராயண ராவும் விவரித்துவிட்டார்கள். கோயம்புத்தூரில் பிறந்த இந்த நாராயண ராவ், பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர். 1932இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழ் தொடங்கியபோது அதன் ஆசிரியர். நம் மலைகளின் சின்னஞ்சிறு புதர்த் தவளைகள் பலவற்றுக்கு இன்று வழங்கும் 'ராவோர்செஸ்டெஸ்' என்ற பேரினப் பெயர் அவர் நினைவாக 2010இல் வைத்தது. வாயே ஓர் உறிஞ்சியாக அமைந்து, பாயும் நீரில் பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும் அந்த விசித்திரத் தலைப்பிரட்டை அவர் கண்ணில் பட்டுவிட்டது. அது வளர்ந்து எதுவாகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. வளர்ந்த தவளையை எஸ். டி. பிஜுவும் பிராங்கி போசியூட்டும் இடுக்கிப் பகுதியிலிருந்து விவரித்து 'நேச்சர்' இதழில் எழுதியது 2003 அக்டோபரில். குழந்தைக்கும் தாய்க்கும் நடுவே எண்பத்தைந்து ஆண்டு. அந்தத் தலைப்பிரட்டையை ஓடையில் பிடித்துச் சமைத்து உண்ணும் வழக்கம் கேரள மலைவாழ் மக்கள் சிலரிடம் உண்டு. அதுவும் தவளைக்கு ஒரு நெருக்கடி என்று இப்போது எழுதுகிறோம். சரிதான். ஆனால் எந்த ஓடையில், எந்த மாதத்தில் இந்த உயிர் இருக்கும் என்பது நமக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை.

இதன் நெருங்கிய உறவுத் தவளைகள் இருப்பது இந்தியப் பெருங்கடலில், செஷல்ஸ் தீவுகளில். பத்துக் கோடி ஆண்டுக்கும் முன்பே இரு கிளைகளும் பிரிந்துவிட்டன. அப்போது இந்திய நிலமே தெற்கே வேறு கண்டங்களோடு ஒட்டிக் கிடந்தது. இதைச் சொன்னதும் அவையில் யாராவது ஒருவர் குமரிக்கண்டம் என்று எழுந்திருப்பார் என்பது என் அனுபவம். அமருங்கள், ஐயா. அந்தப் பேச்சுக்கு மூலமான லெமூரியா என்பது 1864இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் மடகாஸ்கர் லெமூர்களின் உறவை விளக்க முன்வைத்த ஊகம். கண்டங்கள் நகர்வது தெரியவந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. இந்தத் தவளைகள் பிரிந்தபோது தமிழும் இல்லை, பேச மனிதனும் இல்லை.

2. இரண்டு மழை, இரண்டு தவளை

2003இல் கண்டது மேற்குச் சரிவுத் தவளை. மலையின் இந்தப் பக்கம், நம் பக்கம், மழை மறைவுப் பகுதி. கேரளத்துக்கு இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, கொட்டும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் காற்று மட்டும்தான் வரும். இங்கே என்ன இருந்துவிடப் போகிறது என்று பலரும் நினைத்திருந்தோம்.

2017இல் வந்தது விடை. ஜெகத் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் உள்ளிட்ட ஐவர் குழு, கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயப் பகுதியிலிருந்து இரண்டாவது ஊதாத் தவளை இனத்தை விவரித்தது. உடலமைப்பு, மரபணு, குரல் மூன்றிலும் வேறுபாடு. அதற்குப் பூபதியின் பெயர் வைத்தார்கள். கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தில் ஊர்வனவற்றையும் தவளைகளையும் ஆராய்ந்த டாக்டர் எஸ். பூபதி, 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் இறந்தவர். மலையிலேயே போனவரின் பெயர் மலைக்குள்ளேயே வாழும் ஓர் உயிருக்கு.

எனக்கு அந்தக் கட்டுரையில் முதன்மையாகத் தோன்றுவது உடலமைப்போ மரபணுவோ அல்ல, மாதம். மேற்குத் தவளை இனப்பெருக்கம் செய்வது தென்மேற்குப் பருவமழையில், மே முதல் ஆகஸ்ட் வரை. கிழக்குத் தவளை வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஒரே மலை, ஒரே குலம். ஒருவர் வீட்டுக் கல்யாணம் வைகாசியில் என்றால் மற்றவர் வீட்டில் ஐப்பசியில். ஒருவர் கல்யாணத்துக்கு மற்றவர் போக வழியே இல்லை. இந்த இரு தவளைகளுக்கும் நடுவே மலைமுகடு மட்டும் நிற்கவில்லை, ஒரு பஞ்சாங்கமும் நிற்கிறது.

பழைய தமிழில் நுணல் என்ற சொல் உண்டு. மணலுக்குள் மறைந்து கிடக்கும் தவளை. வாய் திறந்து கத்தியதால் பாம்பிடமோ மனிதனிடமோ அகப்பட்டுக்கொள்ளும் என்று பழமொழியில் ஏற்றி வைத்திருக்கிறோம். தவளை மண்ணுக்குள் ஒளியும் என்பதையும், மழை பெய்தால் அங்கிருந்தே கத்தும் என்பதையும் முன்னோர் கவனித்திருக்கிறார்கள். நீதியைத்தான் நான் ஏற்க மாட்டேன். ஊதாத் தவளையின் ஆண், ஓடைக்கரை மண்ணுக்குள் இருந்தபடியேதான் பெண்ணை அழைக்கிறது. கத்தாவிட்டால் குலம் இல்லை. ஆய்வாளர்கள் இதைத் தேடிப் போனதும், இது வேறு இனம் என்று பிரித்தறிய ஒரு சான்றாகக் கொண்டதும் அந்தக் குரல்தான். நுணல் தன் வாயால் பிழைக்கிறது.

3. நூற்றிருபது நாள் தண்ணீர்

இந்தக் கூறில் சற்று நிதானமாக நிற்க வேண்டும்.

பெருமழை பெய்கிறது. தவளைகள் மேலே வருகின்றன. ஓடைப் பாறைகளின் இடுக்குகளில் தேங்கிய நீரில் பெண் முட்டையிடுகிறது. உடனே ஆணும் பெண்ணும் மண்ணுக்குத் திரும்பிவிடுகின்றன. ஓரிரு நாளில் முட்டை பொரிகிறது. தலைப்பிரட்டை அருவி வழியும் பாறைச் சுவரை வாயால் உறிஞ்சிப் பற்றிக்கொண்டு, அதில் படிந்த பாசியைத் தின்று வளர்கிறது. இப்படி ஏறத்தாழ 120 நாள். பிறகு கால் முளைத்து, வால் சுருங்கி, மண்ணுக்குள் போய்விடுகிறது. இந்த உயிர் தன் வாழ்நாளில் தொடர்ந்து வெளியே இருப்பது அந்த 120 நாள் மட்டுமே. உங்கள் படிக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு.

இப்போது கணக்குப் போடுங்கள். நம் பக்கத்தில் ஐப்பசி கார்த்திகையில்தான் மழை. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் விழுகிறது, அதுவும் விட்டுவிட்டு, சில நாள் வெறிகொண்டது போல. மழை நின்ற பிறகும் தை, மாசி வரை பாறை மீது தண்ணீர் வழிந்துகொண்டிருக்க வேண்டும். மழை இல்லாத நாளில் அந்தத் தண்ணீரைத் தருவது யார்? காடுதான். சருகும் வேரும் மக்கிய மண்ணும் பத்து நாள் மழையைப் பிடித்து வைத்து நூறு நாளாக நீட்டித் தருகின்றன. காட்டை மரங்களின் தொகை என்று எண்ணும் வரை இது விளங்காது. தவளையின் பக்கமிருந்து பார்த்தால் காடு என்பது நாள்களைச் சேமித்து வைக்கும் களஞ்சியம்.

அந்தக் களஞ்சியத்தில் ஓட்டை விழுவது எப்படி? மேல் சரிவில் காடு போய்த் தேயிலை, ஏலம், காப்பி வந்தால் மழைநீர் ஒரே வாரத்தில் ஓடி இறங்கிவிடும். கீழே ஓடை இருக்கும், பெயரும் இருக்கும், தை மாதத்தில் தண்ணீர் இராது. தலைப்பிரட்டை அறுபதாவது நாளில் வெயிலில் காயும். குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினால் தண்ணீர் நிற்கும், வழியாது. உறிஞ்சி வாய்க்கு வேண்டியது வழியும் தண்ணீர். சாலைக்காகச் சரித்த மண் ஓடையில் படிந்தால் பாறைப் பாசி மூடிப்போகும். கறையானுக்கு அடித்த மருந்து தவளையின் சோற்றில் விழுகிறது. வண்டி ஓடி இறுகிய மண்ணை இந்தக் குட்டைக் கால்களால் தோண்ட முடியாது. இவற்றில் எதைச் செய்தாலும் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் பசுமை அப்படியே தெரியும். வாழிட அழிப்பு என்றதும் நாம் கோடாலியையும் லாரியையும் நினைத்துக்கொள்கிறோம். இந்தத் தவளைக்கு அது ஓடை நீரைத் திருப்பும் ஒரு குழாயாகவும் வரலாம்.

மழையே பொய்ப்பதும் உண்டு. 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. மண்ணுக்குள் இருக்கும் வளர்ந்த தவளை அப்படி ஓர் ஆண்டைத் தாண்டிவிட முடியும். காத்திருப்பது அதன் குலத்தொழில். ஆனால் மழை பெய்த ஆண்டுகளிலும் ஓடை அறுபது நாளில் வற்றுமானால் அந்தக் காத்திருப்புக்குப் பொருள் இல்லை.

"ஒரு தவளைக்காகவா இத்தனையும்?" என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. உலகில் மதிப்பிடப்பட்ட 8,011 நீர்நில வாழ்வினங்களில் 41 விழுக்காடு அழியும் நிலையில் உள்ளன என்று 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு சொன்னது. காரணங்களில் முதலிடம் வாழிட இழப்புக்கே. அந்த எண்ணைச் சொல்லி யாரையும் மாற்றியதாக எனக்கு நினைவில்லை. ஆகவே வேறு ஒன்று சொல்கிறேன். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலை சரணாலயங்களைச் சேர்த்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். வைகை பிறப்பது அந்த மலைகளில். மாசியில் ஓடையில் தண்ணீர் வழிகிறதா என்று தவளைக் குஞ்சு கேட்கும் கேள்வியும், தேனி, மதுரை உழவர் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான். தவளைக்கு அதைச் சற்று முன்னால் கேட்டாக வேண்டியிருக்கிறது.

4. எந்த மாதத்தில் தேடினீர்கள்?

என் தொடக்க காலத்தில், கோடை விடுமுறைதானே என்று சித்திரை மாதத்தில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு மலை ஓடைக்குப் போனேன். மூன்று நாள் கல்லைப் புரட்டினோம். குறிப்பேட்டில் 'இல்லை' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். அந்தச் சொல்லை இன்னும் அடிக்கவில்லை, எனக்கு நினைவூட்டலாக இருக்கட்டும் என்று. பல ஆண்டு கழித்து ஐப்பசி மழையிரவில் அதே ஓடைக்கரையில் நின்றபோது, கால் வைத்த இடத்துக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

நான் செய்த பிழை என் குறிப்பேட்டோடு போயிற்று. அதே பிழை விதியாக இருந்தால்? சுரங்கத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்வதற்கான பொது வரையறையில், மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் காற்று, நீர், ஒலி, மண், தாவரம், விலங்கு பற்றிய அடிப்படைத் தரவைத் திரட்ட வேண்டும் என்று இருக்கிறது. காற்றில் தூசு அளக்க அது சரி. மழை தூசை அடக்கிவிடும். அதே விதியைத் தவளைக்கும் வைத்தது யார் யோசனையோ! மழை இல்லாத பருவத்தில் தேடினால் மண்ணுக்குள் இருப்பது அகப்படாது. அறிக்கையில் 'அரிய விலங்குகள் எவையும் இல்லை' என்று ஒரு வரி வரும். அந்த வரியும் பொய் இல்லை, பொய்கைக் கரை வெளியூர்க்காரர் எழுதியது போலவே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த வரையறையின்படி அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'மழைக்குப் பிந்திய பருவம்'. டெல்லி சன்னலிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஐப்பசியை மழைக்குப் பிந்தியது என்று திருத்தணிச் சந்தையில் ஒரு கீரைக்காரம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று. நாட்டுக்கெல்லாம் ஒரே பஞ்சாங்கம் எழுதியதால் வந்த கோளாறு. மலைக்காடுகளிலும் அவற்றின் அடிவாரத்திலும் எந்தத் திட்டம் வந்தாலும், அந்தந்த இடத்து மழையின் முதல் இரண்டு வாரத்தில், இரவில், காதால் கேட்டு ஒரு கணக்கெடுப்பு கட்டாயம் என்று ஆக்க வேண்டும். செலவு அதிகமில்லை. ஒரு டார்ச், ஓர் ஒலிப்பதிவுக் கருவி, மழையில் நனையத் தயங்காத இரண்டு பேர்.

5. இந்த எல்லைக்கு வருவோம்

ஊதாத் தவளை இருப்பது இங்கிருந்து தென்கோடியில். அதைப் பற்றித் திருத்தணியில் பேசுவானேன் என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். எல்லை என்றால் என்ன என்பது இந்த ஊருக்குத் தெரியும் என்றேன். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. முதலியோர் நடத்திய போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதோ தெரியும் நகரி மலை அந்தப் பக்கம் நின்றுவிட்டது. மனிதர் போட்ட கோடு அது. தேவையும் இருந்தது. தவளைகளுக்கு மழை வேறு கோடுகளைப் போட்டுக்கொண்டிருக்கிறது, அவற்றை நாம் இன்னும் வரையவே இல்லை.

இங்கத்து மலைகளைப் பற்றி நம் ஏடுகள் எவ்வளவு கவனக்குறைவாக இருந்தன என்பதற்கு ஒரு சான்று. குந்தர் என்ற விலங்கியலாளர் 1876இல் பாறைகளில் வாழும் ஒரு தேரையை விவரித்தார். கிடைத்த இடம் 'மலபார்' என்று எழுதினார். பின்னாளில் அந்தத் தேரை தென்பட்டது மலபாரின் ஈரக்காட்டில் அல்ல, ஆந்திரத்தின் காய்ந்த பாறைக் குன்றுகளில். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஆய்வாளர் கூட்டம். கிழக்குத் தொடர்ச்சிக் குன்றுகளுக்குக் கல்லுடைக்கும் இயந்திரம். இது எனக்கு நெடுநாள் மனக்குறை, சொல்லிவிட்டேன்.

உங்கள் ஊரின் வாய்ப்பு என்னவென்றால் இங்கே இரு மழையும் உண்டு. ஆடி ஆவணியில் மாலை இடிமழை, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. முதல் பெருமழைக்கு மறுநாள் இரவு வயல்வெளியில் பலூன் போல ஊதிக்கொண்டு கத்தும் தவளைகளைக் கேட்டிருப்பீர்கள். அவையும் மண்ணுக்குள் வாழ்பவை, எறும்பும் கறையானும் தின்பவை. மலைக்காட்டு ஊதாத் தவளைக்கு உறவு நெருக்கமில்லை, தொழில் ஒன்று. எந்தத் தவளை எந்த மழைக்கு எழுகிறது, அந்த நாள் ஆண்டுதோறும் முந்துகிறதா பிந்துகிறதா என்று இந்தப் பகுதியில் எழுதி வைத்த ஏடு ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அறக்கட்டளையார் சம்மதித்தால் இந்த மன்றத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். நந்தியாற்றங்கரையிலோ, உங்கள் ஊர் ஏரியிலோ, வீட்டுக் கொல்லையிலோ ஆண்டின் முதல் தவளைச் சத்தம் கேட்ட இரவை அதில் எழுதுங்கள். தேதி, இடம், அன்று மழை எப்படி, சத்தம் எப்படி. கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவும் செய்துகொள்ளுங்கள். தவளையின் பெயர் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம், தேதியைப் பிறகு தேட முடியாது.